நாடுகளின் நீதியும் நாடற்ற அறிஞரும்

என்னிடம் தமிழ் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்து இப்பொழுது அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் ஒருவர் சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். முதற்பட்டம் முடிந்தபின் கலாநிதிப் பட்டத்துக்கு எப்பொருளை ஆராய எண்ணியிருக்கின்றார் என்று வினவினேன். சற்றுத் தயங்கி, “ஜிஹாத்தும் சருவதேச உறவுகளும், ஐயா” என்றார். சொல்லிவிட்டு வாயிற்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்காமற் போகவில்லை. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வெடித்த குண்டுகள் வழிபடச் சென்றோரும் விருந்துண்ணச் சென்றோருமாக இருநூற்றைம்பதின் மேற்பட்டோரைக் கொன்றன. அன்று தொட்டு அச்சொல் இந்நாட்டிலே தாழ்ந்த குரலிற் சொல்லப்படும் சொல்லாயிற்று. எல்லார் வாயிலும் அது வந்து சென்றது. அதனைக் கற்றறிந்தோர் என்ன சொல்லியிருக்கின்றனர் என்று கேட்டாரோ மிகச் சிலர்.

“இதை ஆராய்வதற்கு நான் முதலில் என்னென்ன படித்திருக்க வேண்டும்?” என்பதே அவர் வினா.

தமிழ்ப் பண்டிதனிடம் கேட்கத்தக்க வினாவோ இது என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் ஒரு சொல்லை வாயிலாகக் கொண்டு ஒரு சாத்திரத்துட் புகுவார், சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்டாரிடம் முதற்கண் வருதல் முறைகேடன்று. மேலும், முன்னர் எம்மோடு அறபு கற்பித்த மௌலவி ஒருவரிடம் ஆசிரியர் அறையில் ஓய்வுநேரங்களில் இச்சொல்லின் பிறப்பைக் கேட்டறிந்திருந்தேன். ஜீம், ஹா, தால் என்னும் மூன்றெழுத்து அதன் வேர். முயலுதல், வருந்தி உழைத்தல் என்பன வேர்ப்பொருள். அவ்வேரிலிருந்தே ‘இஜ்திஹாத்’ என்னும் மற்றொரு சொல்லும் பிறந்தது. மூலநூல்களை வைத்துக்கொண்டு, வெளிப்படையாக விடை கூறப்படாத வழக்கொன்றுக்கு விடைகாணச் சட்டப்புலவன் தன் அறிவைச் செலுத்தி வருந்தும் முயற்சிக்கு அது பெயர். வாளேந்தியவன் உழைப்பும் ஏடேந்தியவன் உழைப்பும் அம்மொழியில் ஒரு வேரின் இரு கிளைகளாக நிற்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். வேர்ப்பொருளே சொல்லின் முழுப்பொருள் என்று அடித்துப் பேசுதல் இக்காலத்தாரிடம் காணப்படும் ஒரு குறை. சட்டநூலார் ஜிஹாத் என்னும் சொல்லைப் பெரும்பாலும் போர் என்னும் பொருளிலேயே ஆண்டனர். அதற்கு விதியும் வகுத்தனர், விலக்கும் வகுத்தனர். அவ்விரண்டையும் மறைப்பவர் அச்சத்தாலோ அன்பாலோ மறைக்கின்றனரேயன்றி ஆராய்ச்சியாளர் அல்லர்.

நிற்க. மாணாக்கருக்கு நூற்பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுப்பதிலும், இத்துறையிலே தலைசிறந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் எவ்வாறு உருவானார் என்று காட்டுவதே நன்றென்று கருதி, ஐதராபாத்து முகம்மது ஹமீதுல்லாவின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது கல்வி வரலாறு என்னும் அளவில் நில்லாது போயிற்று.

ஹமீதுல்லா 1908 இல் ஐதராபாத்திற் பிறந்தார். நவாயத் குலத்தவர். அவருடைய முன்னோர் ஆர்க்காட்டு நவாபுகள் காலத்திலே சென்னையில் மார்க்கக் கல்வியும் சட்டக் கல்வியும் வளர்த்த குடும்பத்தினர். ஆதலின் அறபும் சட்டமும் அவருக்கு வீட்டு முற்றத்துக் கல்வி. பின்னர் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். இப்பல்கலைக்கழகத்தைத் தமிழாசிரியன் ஒருவன் வாளா கடந்து செல்லுதல் இயலாது. 1918 இல் நிறுவப்பெற்ற அக்கழகத்திலே விஞ்ஞானமும் மருத்துவமும் சட்டமும் உருதுமொழியிலேயே கற்பிக்கப்பெற்றன. கழகம் தோன்றுமுன்னரே, 1917 இல், மொழிபெயர்ப்பகம் ஒன்று அமைத்து ஐரோப்பிய நூல்களை உருதுவில் ஆக்கினர். கலைச்சொற்களைக் குழுவாக இருந்து படைத்தனர். இந்திய மொழியொன்றில் உயர்கல்வி முழுவதையும் நடத்திக் காட்டிய முதற் பல்கலைக்கழகம் அதுவே. அச்சமத்தானத்து மக்களுட் பெரும்பாலார் பேசிய தெலுங்குக்கும் மராத்திக்கும் கன்னடத்துக்கும் அந்தச் சிறப்புக் கிட்டவில்லை என்பதையும் கூறாது விடுதல் நேர்மையன்று.

அங்கே அவர் இரண்டு கல்வியை ஒருசேரப் பெற்றார். ஒன்று, ஐரோப்பியர் வகுத்த நவீன சருவதேசச் சட்டம். மற்றொன்று, இஸ்லாமியச் சட்டப்புலவர் எழுதிவைத்த ‘பிக்ஹு’ என்னும் சட்டநூற் பரப்பு. பிற இடங்களில் இவ்விரண்டும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு மொழிகளில், ஒருவர் முகத்தை ஒருவர் காணாத ஆசிரியர்களாற் கற்பிக்கப்பட்டன. ஹமீதுல்லாவுக்கோ இரண்டும் ஒரே கூரையின்கீழ் ஒரே மொழியிற் கிடைத்தன. ஆகவே, நாடுகளுக்கிடையே நிலவவேண்டிய நீதியைக் குறித்து முஸ்லிம் சட்டப்புலவர் என்ன எண்ணினர் என்னும் வினா அவருள்ளத்தில் இயல்பாகவே முளைத்தது. முஸ்லிம் அரசின் ஒழுகலாறு பற்றி அவர் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் கரு உஸ்மானியாவில் எழுதிய மாணவர் ஆய்வேட்டிலேயே அமைந்துவிட்டது.

பின்பு கடல்கடந்தார். ஜேர்மனியிலே பொன் பல்கலைக்கழகத்தில் 1933 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள், இஸ்லாமிய சருவதேசச் சட்டத்தில் நடுநிலைமை என்பது. இருவர் பொருதும்போது இரு பக்கமும் சாராது ஒதுங்கி நிற்கும் மூன்றாம் நாட்டின் நிலையை அச்சட்டம் ஏற்கின்றதோ என்பதே வினா. இரண்டாண்டு கழித்து, 1935 இல், பாரிஸ் நகரத்துச் சோர்போனில் இன்னொரு கலாநிதிப் பட்டம். அதற்கு எடுத்துக்கொண்ட பொருள், நபிகள் நாயகமும் முதல் நான்கு கலீபாக்களும் பிற அரசரோடும் குலத்தாரோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் விடுத்த திருமுகங்களும்.

இந்த இரண்டாவது வேலையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தமிழ் மாணாக்கர்க்குப் பயன்படும். அத்திருமுகங்கள் ஒரே நூலிற் கோவையாகக் கிடைத்தவை அல்ல. சரித்திர நூலொன்றில் ஒன்று, சட்டநூலொன்றில் மற்றொன்று, வரிவிதிப்புப் பற்றிய நூலொன்றில் இன்னொன்று எனச் சிதறிக் கிடந்தன. ஒரே திருமுகம் மூன்று நூலில் மூன்று பாடமாகவும் இருந்தது. அவற்றைத் தேடித் தொகுத்து, பாடபேதங் குறித்து, எப்பாடம் பழையது, எப்பாடத்திற் பிற்காலக் கை புகுந்தது என்று ஒப்புநோக்கினார். தாமோதரம்பிள்ளை அவர்களும் சாமிநாதையர் அவர்களும் நம் ஏடுகளிற் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இவ்வுழைப்பின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தொகுதியை அறபு மூலத்தோடு 1941 இல் கைரோவில் வெளியிட்டார். மதீனாவில் முஸ்லிம்களும் யூதக் குலத்தாரும் சேர்ந்து வாழ்தற்கு எழுதப்பட்ட சாசனத்தைத் தனியே எடுத்து, அதுவே உலகில் எழுதப்பட்ட முதல் அரசியலமைப்பு என்று வாதித்ததும் அக்காலத்தேயாம். ‘முதல்’ என்னும் அச்சொல்லைப் பலர் ஒப்பார். யானும் சற்றுத் தயங்குவேன். சாசனத்தின் பழைமையை ஐரோப்பிய ஆராய்ச்சியாளரும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டனர்.

இனி, ஜிஹாத் என்பது சட்டநூல்களில் எங்கே வைத்துப் பேசப்படுகின்றது என்பதை நோக்குவாம். ‘சியர்’ என்னும் பெயரால் ஓர் இயல் உண்டு. ‘சீரத்’ என்பதன் பன்மை அது. நடத்தை, ஒழுகலாறு என்பது பொருள். பிற அரசுகளோடும், எல்லைகடந்து வரும் வணிகரோடும், தூதரோடும், சிறைப்பட்டாரோடும் முஸ்லிம் அரசு எவ்வாறு ஒழுகவேண்டும் என்று கூறும் பகுதி இது. போர் அதன் ஒரு கூறு. உடன்படிக்கை ஒரு கூறு. அடைக்கலம் ஒரு கூறு. இவற்றுட் போரை மட்டும் கிழித்தெடுத்து வைத்துக்கொண்டு பேசுவது, புறத்திணையில் வெட்சியை மட்டும் படித்துவிட்டு ஆநிரை கவர்தலே தமிழர் ஒழுக்கமென்று முடிவு கூறுவதை ஒக்கும்.

இவ்வியலைத் தனிநூலாக விரித்தவருள் தலையாயவர் முகம்மது இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானி. ஈராக்கிலே வாஸித் நகரிற் பிறந்து, இமாம் அபூஹனீபாவிடமும் அவர் மாணாக்கர் அபூயூசுபிடமும் பயின்று, மதீனா சென்று இமாம் மாலிக்கிடமும் பாடங்கேட்டு, கலீபா ஹாரூன் அல்ரஷீத் காலத்தில் நீதிபதியாய் இருந்தவர். 805 இல் இறந்தார். அவருடைய நூல் பெரும்பாலும் கடாவும் விடையுமாகச் செல்கின்றது. இன்னது நிகழின் என் செய்வது என்று மாணாக்கர் கேட்பார். இன்னது செய்க என்று ஆசிரியர் விடுப்பார். அவ்வாறாயின் இன்னது ஏன் ஆகாது என்று மாணாக்கர் மீட்டும் மடக்குவார். நம் உரையாசிரியர் கூற்றுகளிற் பழகியவர்க்கு அந்நடை அயலதாகத் தோன்றாது.

அதிலே பெண்டிரையும் சிறுவரையும் முதியோரையும் கொல்லலாகாது என்னும் விலக்கு உண்டு. தூதர்க்குக் காப்பு உண்டு. ‘அமான்’ என்னும் அடைக்கலத்தைப் பற்றிய பகுதி மிகவும் சுவையானது. பகைநாட்டான் ஒருவனுக்கு அடைக்கலம் அளிக்கும் உரிமை அரசனுக்கே உரியதன்று. குடிமக்களுள் எளியவர் ஒருவர் அளித்தாலும் அரசு அதற்குக் கட்டுப்படும். பெண் அளித்தாலும் செல்லும். மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி என்னும் அம்மையார் தம்மிடம் ஓடிவந்தவர்க்குக் கொடுத்த அடைக்கலத்தை நபிகள் நாயகம் ஏற்றுக்கொண்டமை இதற்கு மேற்கோளாம். அயல்நாட்டு வணிகரிடம் எவ்வளவு சுங்கம் கொள்வது என்னும் வினாவுக்கு, அவர்கள் நம் வணிகரிடம் எவ்வளவு கொள்கின்றனரோ அவ்வளவு கொள்க, அது தெரியாவிடின் பத்திலொன்று கொள்க என்பது விடை. இவ்விடையில் மார்க்கப்பற்றினும் கணக்குப்பிள்ளையின் நிதானமே மிகுந்து தோன்றுகின்றது. இதே நூல்களில் அடிமைகொள்ளுதலும் கொள்ளைப்பொருட் பங்கீடும் இயல்பான செய்திகளாகப் பேசப்படுதலையும் ஆராய்ச்சியாளர் காண்பார். அவற்றைத் தாண்டிக் குதித்தலாகாது.

ஷைபானியும் கிஸாயீ என்னும் பேர்பெற்ற அறபு இலக்கணப் புலவரும் அரசர் பயணத்தில் உடன் சென்றபோது ரேய் நகரின் அயலில் ஒரே நாளில் இறந்தனர் என்றும், சட்டத்தையும் இலக்கணத்தையும் ஒன்றாகப் புதைத்துவிட்டோமே என்று ஹாரூன் வருந்தினார் என்றும் ஒரு வரலாறு வழங்கும். இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு இக்கதையில் ஒரு தனிப்பிரியம்.

ஷைபானியின் பெருநூலுக்கு உரைகண்டவர் பதினோராம் நூற்றாண்டினராகிய சரக்ஸி. அரசனுக்கு உவப்பில்லாத சட்டக்கருத்து ஒன்றை எடுத்துரைத்தமையால், இன்றைய கிர்கிஸ்தானத்துள்ள உஸ்கந்து நகரிற் பல்லாண்டு சிறையிடப்பட்டார். கிணறுபோன்ற நிலவறையில் அவர் கீழேயிருந்து நினைவினின்றும் சொல்ல, மாணாக்கர் மேலே வாயிலிலிருந்து எழுதினர் என்பது வரலாறு. சியர் உரையிற் பெரும்பகுதி அவ்வாறு சொல்லி எழுதப்பட்டு, விடுதலையின் பின்னர் முற்றுப்பெற்றது.

ஐரோப்பியர் தம் சருவதேசச் சட்டத்தின் தந்தை என்று போற்றும் ஒல்லாந்தர் குரோசியசும் சிறைப்பட்டவரே. ஆயுட்சிறையில் இருந்த அவருக்குப் படிக்கப் பெட்டியிற் புத்தகங்கள் வருவதும் போவதும் வழக்கம். காவலர் பெட்டியைச் சோதித்துச் சலித்தபின், 1621 இல், அவர் மனைவியார் புத்தகத்துக்குப் பதிலாகக் கணவரையே பெட்டியில் வைத்துப் பூட்டி வெளியே அனுப்பிவிட்டார். தப்பிச் சென்று பாரிசிலே அகதியாக வாழ்ந்தபோதே போரும் சமாதானமும் பற்றிய தம் பெருநூலை 1625 இல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியத் தேசத்து ஹம்மர் என்னும் கீழைத்தேயவியலார் ஷைபானியை ‘முஸ்லிம்களின் குரோசியஸ்’ என்று அழைத்தார். காலமுறை நோக்கின் குரோசியசையன்றோ ‘ஐரோப்பியரின் ஷைபானி’ என்று அழைத்திருத்தல் வேண்டும்! இருவர்க்கும் இடைப்பட்டது எண்ணூறு ஆண்டு.

ஹமீதுல்லாவை மட்டும் சொல்லி நிறுத்தினால் மாணாக்கர் ஒரு கண்ணாற் பார்த்தவராவார். அவர் காலத்தவரே ஈராக்கிய அறிஞர் மஜீத் கத்தூரி. மோசுல் நகரிற் பிறந்தவர். பேரூத்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1932 இல் பட்டம் பெற்று, சிகாகோப் பல்கலைக்கழகத்தில் 1938 இல் கலாநிதியானார். போர் என்னும் நிகழ்ச்சியையே ஒரு விஞ்ஞானப் பொருளாகக் கொண்டு குவின்சி ரைட் ஆராய்ந்துவந்த இடம் அது. கத்தூரி பக்தாதிற் கற்பித்தார். 1945 இல் ஐக்கிய நாடுகள் சாசனம் எழுதப்பட்ட சான்பிரான்சிஸ்கோ மகாநாட்டில் ஈராக்கியத் தூதுக்குழுவில் இருந்தார். பின்னர் அமெரிக்காவிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். இஸ்லாமியச் சட்டத்திற் போரும் சமாதானமும் பற்றி 1955 இல் அவர் வெளியிட்ட நூலும், 1966 இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட ஷைபானியின் சியரும் இத்துறை மாணாக்கர் கைவிடலாகாதவை. கத்தூரி 2007 இல் இறந்தார்.

இருவரும் ஒரே மூலங்களைப் படித்தவர்கள். கண்டதோ வேறு. உலகம் இஸ்லாத்தின் நிலம், போரின் நிலம் என இரண்டாகப் பகுக்கப்பட்டது என்பதும், இரண்டாவது முதலாவதோடு இணையும்வரை போர்நிலை ஓயாது என்பதும், இடையிற் செய்யும் உடன்படிக்கைகள் கால எல்லைக்கு உட்பட்டவை என்பதும் பழைய சட்டப்புலவர் கொள்கை என்றார் கத்தூரி. போர்நிலை என்பது இடையறாத சண்டையன்று. உறங்கிக்கிடக்கும் கடமை என்று அவரே விளக்கினார். இப்படி உலகை இரண்டாகப் பகுத்தால் நடுநிலைக்கு இடமேது? இதற்கு மாறாக, நடுநிலைமை அச்சட்டத்தில் உண்டு என்று நிறுவியதே ஹமீதுல்லாவின் பொன் நகரத்து ஆய்வு. நபிகள் நாயகம் தம்ரா குலத்தாரோடு செய்த உடன்படிக்கை போன்ற மூலங்களை அதற்குச் சான்றாக நிறுத்தினார். பிற்காலத்து ஆங்கில நூலிலும் சமாதானம், போர் என்பவற்றோடு ஒப்ப நடுநிலைமைக்கும் தனியொரு பகுதி வகுத்தார்.

வியப்பு யாதெனில், கத்தூரியும் நடுநிலை பற்றி ஓர் அதிகாரம் எழுதியுள்ளார். முஸ்லிம்களுக்கு முதன்முதல் அடைக்கலம் தந்த அபிசீனியா, ஆண்டுதோறும் அடிமைகளை அனுப்பித் தானியம் முதலியன பெற்று ஒப்பந்தத்தால் வாழ்ந்த நூபியா, உரோமப் பேரரசுக்கும் கலீபாவுக்கும் ஒருங்கே திறைசெலுத்திய சைப்பிரசுத் தீவு என்னும் மூன்று நாட்டையும் அதில் எடுத்துப் பேசுகின்றார். அவர் அவற்றை விதிக்குப் புறனடை என்றார். ஹமீதுல்லாவுக்கோ அத்தகைய நிகழ்ச்சிகளே விதி உண்டென்பதற்குச் சான்று.

புறனடையா, விதியா? இலக்கணக்காரர் வாழ்நாள் முழுவதும் அடித்துக்கொள்ளும் வழக்கன்றோ இது! என் சிற்றறிவுக்குத் தோன்றுவதைச் சொல்லுகின்றேன். நூலிலே எழுதப்பட்ட கொள்கையை வைத்து நோக்கின் கத்தூரி சொல்வதே பொருத்தம். பேரரசு உச்சத்திலிருந்த காலத்துச் சட்டப்புலவர் உலகம் முழுவதும் ஒரு குடைக்கீழ் வருமென்றே நம்பி எழுதினர். அரசுகள் உண்மையில் நடந்துகொண்ட முறையை வைத்து நோக்கின் ஹமீதுல்லா கையிற் சான்று மிகுதி. அவருடைய குறையும் அங்கேயே இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டுச் சொல்லாகிய நடுநிலைமையை ஏழாம் நூற்றாண்டுப் பாலைநிலத்திலே தேடும்போது, தேடுவோன் விருப்பமும் கூடவே நடந்து செல்கின்றது. ஆராயப் புகும் மாணாக்கர் இருவரையும் எதிரெதிரே வைத்துப் படித்து, அதன்பின் மூலத்தைத் தாமே படித்தல் வேண்டும்.

ஹமீதுல்லா கலாநிதியாகி ஐதராபாத்துக்கு மீண்டார். தாம் பயின்ற உஸ்மானியாவிலேயே சருவதேசச் சட்டம் கற்பித்தார். 1947 இல் பிரித்தானியர் நீங்கியபோது ஐதராபாத்து நிஜாம் இந்தியாவோடும் சேராது பாகிஸ்தானோடும் சேராது தனித்திருக்க விரும்பினார். அவர் ஆட்சி குடிமக்களுட் பெரும்பாலார் விருப்பத்தைக் கேட்ட ஆட்சியன்று. ரஸாக்கர் என்னும் ஆயுதக் குழுவினர் செய்த கொடுமைகளையும் சரித்திரம் மறக்கவில்லை. 1948 ஓகஸ்டில் ஐதராபாத்து ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் முறையிட்டது. வாதாட அனுப்பிய குழுவில் ஹமீதுல்லாவும் ஒருவர். செப்டெம்பர் 13 ஆம் நாள் இந்தியப் படை எல்லை கடந்தது. 16 ஆம் நாள் பாதுகாப்புச் சபை பாரிஸ் நகரத்துச் சாயோ மாளிகையிற் கூடி முறையீட்டை எடுத்துக்கொண்டது. மறுநாள், 17 ஆம் நாள், நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார். சில நாளில் நிஜாமே முறையீட்டை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். வழக்குரைக்கச் சென்றவர் வழக்காளி இல்லாமல் அயல்நகரில் நின்றார்.

நடுநிலை பற்றி ஆய்வேடு எழுதியவர், இரண்டு பெருநாடுகளுக்கிடையே ஒதுங்கி நிற்க முயன்ற ஓர் அரசுக்காக வாதாடப் போய், அவ்வரசு மறைந்ததைக் கண்டார். சேர்ந்தது நியாயமோ, சேராதிருக்க முயன்றது நியாயமோ என்பது வேறு வழக்கு; அதில் என் சார்பு குடிமக்களின் பக்கம். ஆனால் அம்மனிதரின் நிலையை எண்ணும்போது உள்ளம் நெகிழாதிருத்தல் இயலவில்லை. அதே சாயோ மாளிகையில், மூன்று மாதங்கழித்து, 1948 டிசெம்பர் 10 ஆம் நாள், மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டினத்துக்கு உரியராயிருக்கும் உரிமை உண்டு என்பது அதன் 15 ஆம் உறுப்புரை.

ஹமீதுல்லா திரும்பவில்லை. இடையிற் பாகிஸ்தான் அரசியலமைப்பு வேலைக்கு அழைத்தபோது சென்று சிறிதுகாலம் ஆலோசனை கூறிப் பாரிசுக்கே மீண்டார். வேறெந்த நாட்டுக் குடியுரிமையையும் ஏற்கவில்லை. அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடே நாடுகடந்து சென்று வந்தார். குரோசியஸ் அகதியாயிருந்து நூல் வெளியிட்ட அந்நகரத்திலே மணஞ்செய்யாது சிறிய வீடொன்றில் ஏறத்தாழ ஐம்பதாண்டு வாழ்ந்தார். 1954 முதல் 1978 வரை பிரான்சின் தேசிய ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். இஸ்தான்புல்லில் வருகைப் பேராசிரியராகக் கற்பித்தார். நபிமொழித் தொகுதிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகிய ஹம்மாமின் சிற்றேட்டைத் திமிஷ்கிலும் பெர்லினிலும் இருந்த கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு 1953 இல் பதிப்பித்தார். 1959 இல் திருக்குர்ஆனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தார். நிலவறையிற் பிறந்த சரக்ஸியின் சியர் உரையையும் முதுமையிற் பிரெஞ்சாக்கினார். 1980 இல் பகவல்பூரில் நிகழ்த்திய பன்னிரண்டு உருதுச் சொற்பொழிவுகள் நூலாகிப் பலர் கையிலும் வழங்குகின்றன. உடல் தளர்ந்தபின் 1996 இல் உறவினரோடிருக்க அமெரிக்கா சென்று, 2002 டிசெம்பர் 17 ஆம் நாள் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரிற் காலமானார்.

நாடற்றவர் கையெழுத்திட்ட பத்திரங்களில் நாடு என்னும் இடத்தில் என்ன எழுதினாரோ என்று மாணாக்கர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. சற்றுநேரம் இருவரும் பேசாதிருந்தோம். எங்கள் ஊரிலும் அகதிப் பத்திரத்தோடு வெளிநாடு சென்ற பிள்ளைகள் இல்லாத வீடு எது?

“அப்படியென்றால் நான் எங்கே தொடங்குவது, ஐயா?” என்றார் பின்னர்.

“தம்பி, கலாநிதிப் பட்டம் பிறகு ஆகட்டும். சருவதேசச் சட்டத்தை உமது பல்கலைக்கழகத்திற் கற்பிப்பார்கள். சாசனத்தையும் உறுப்புரைகளையும் நீரே வாசித்துக்கொள்ளலாம். அறபை நீர் வாசிக்கமாட்டாவிடின், கத்தூரி சொன்னார், ஹமீதுல்லா சொன்னார் என்று பிறர் வாயையே பார்த்திருக்க நேரும்” என்று கூறி, மௌலவி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

மௌலவி ஓய்வுபெற்றுவிட்டார். இருந்தும், மாலையில் விறாந்தையில் வைத்துச் சொல்லிக் கொடுக்க உடன்பட்டார். மூன்று மாதம் எழுத்தும் உச்சரிப்பும் மட்டும், அகராதியைத் தொடக்கூடாது என்பது அவர் இட்ட நிபந்தனை. சென்ற வெள்ளிக்கிழமை மாணாக்கர் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். ஜீம், ஹா, தால் என்னும் மூன்றெழுத்தைப் பக்கம் நிறைய எழுதியிருந்தார். ஜீமின் வளைவு பல இடங்களிற் கோணியிருந்தது. இடமிருந்து வலமாக ஓடிப் பழகிய கை இன்னும் சொல்வழி கேட்கின்றதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.